மக்காச்சோளத்துக்கு ஊற்றிய சுடுகஞ்சி

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூட பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவள் உரத்தைப் பற்றி எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நடந்ததைத் தவிர வேறு எதுவும் இதில் இல்லை.

மேட்டூர் அணை நேரத்துக்குத் திறக்காத வருஷங்கள் அவை. எங்கள் ஊர் வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. குறுவை நெல் போட வழியில்லை. போர் தண்ணீர் உள்ளவர்கள் மக்காச்சோளம் போடலாம், நாமக்கல்லில் இருந்து கோழித் தீவனத்துக்கு லாரி வந்து எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு வந்தது. நெல்லைத் தவிர வேறு எதையும் வயலில் பார்த்திராத ஊர் எங்களுடையது. கோழிக்குத் தீனி போடவா வயல் என்று சிரித்தவர்களும் உண்டு.

எங்களுக்கு மூன்று மா நிலம் இருந்தது. ஒரு ஏக்கர்தான். அதற்கு முந்தின வருஷம் வாங்கியது. அது பழைய பண்ணை வயல். பண்ணை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட, துண்டு துண்டாக விற்றார்கள். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்து அனுப்பியதில் ரோட்டோரத் துண்டு எங்களுக்கு வந்தது. என் அப்பா, அம்மா, மாமனார், மாமியார் எல்லாருமே பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் தெருவில் ரோட்டோரத்தில் நிலம் வாங்கிய முதல் வீடு எங்களுடையது. அதனால் எல்லாருடைய கண்ணும் அந்த வயல் மேலேயே இருந்தது.

விவசாய ஆபீசிலிருந்து ஒரு மேடம் வண்டியில் வருவார். சின்ன வயதுதான். செயல்விளக்கத் திடல் என்று போர்டு வைக்க ரோட்டோர வயல் ஒன்று தேடினார். பெரிய விவசாயிகள் பலர் கேட்டும், "பொம்பளை விவசாயம் பண்ற வயல்தான் வேணும்" என்று ஆபீசில் வாதாடி எனக்கு வாங்கிக் கொடுத்தார். வயலை நடுவில் வரப்பு போட்டு இரண்டாகப் பிரித்தோம். மேற்குப் பாதிக்கு மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட். கிழக்குப் பாதிக்கு அது கிடையாது. பாஸ்போபாக்டீரியா என்ற கறுப்புத் தூள் பொட்டலம் மட்டும். யூரியாவும் பொட்டாஷும் இரண்டுக்கும் ஒரே அளவு.

"மணிச்சத்தை மூட்டையில வாங்கிப் போடறது ஒரு வழி. மண்ணுக்குள்ள ஏற்கெனவே இருக்கறதைக் கரைச்சுக் குடுக்கறது இன்னொரு வழி. எது நல்லா வருதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கக்கா" என்றார். பொட்டலத்தைக் கையில் கொடுத்து, வடித்த கஞ்சியை ஆறவைத்து அதில் தூளைக் கரைத்து, விதையில் பிசறி, நிழலில் உலர்த்தி ஊன்றச் சொன்னார். ஏன் ஆறவைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற ஆளா நான்?

விதை ஊன்றும் நாள் காலையில் சோறு வடித்தேன். கஞ்சி கொதிக்கக் கொதிக்கச் சட்டியில் இறங்கியது. நாத்தனார் உதவிக்கு வந்திருந்தாள்.

"அண்ணி, ஆறின கஞ்சின்னுல்ல அந்தம்மா சொன்னாங்க?"

"ஆறின கஞ்சியை வாழ்நாளெல்லாம் நாம குடிச்சாச்சு. பண்ணை வரப்புல உக்காந்து, ஒட்டுப் போட்ட செம்புல. நம்ம சொந்த நிலத்துல போடற முதல் விதைக்குமா ஆறின கஞ்சி?"

"விதை என்ன, விருந்தாளியா?"

"ஆமாடி. விருந்தாளிதான்."

அவள் சிரித்துக்கொண்டே கூடையைத் துடைத்தாள். நான் பொட்டலத்தைப் பிரித்துச் சுடுகஞ்சியில் கொட்டினேன். கை வைக்க முடியவில்லை. அகப்பையால் கலக்கினேன். கட்டி தட்டாமல் மை மாதிரி கரைந்தது. எனக்கு ஒரே பெருமை. விதையில் ஊற்றும்போது சூடு தணிந்திருந்தது, அதனால் முளைப்பில் ஒரு குறையும் தெரியவில்லை.

பதினைந்து இருபது நாள் இருக்கும். கிழக்குப் பாதி கொஞ்சம் பின்தங்கி நின்றது. ஒரு மூலையில் இலை ஓரம் ஊதாவாக ஓடியிருந்தது. மேடம் பார்த்துவிட்டு, மணிச்சத்து பத்தாத அடையாளம், பொறுத்துப் பார்க்கலாம் என்றார். அன்றைக்கு என் பக்கத்து வீட்டுக்காரியும் வயலுக்கு வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தார். அவள் ஆற்றுப் படுகையில் மணல் நிலம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்திருந்தாள். வீட்டில் இருந்த நகை நட்டெல்லாம் அந்தக் குத்தகைக்காக அடகுக்குப் போயிருந்தது. புரட்டாசியில் மக்காச்சோளம் ஊன்றுவதாக இருந்தாள்.

மேடம் அவளுக்கு விதை பிசறும் விதத்தை விளக்கினார். "கஞ்சி நல்லா ஆறியிருக்கணும். இது உயிர் உள்ள பொருள். சூடு பட்டா அத்தனையும் செத்துடும். அப்புறம் வெறும் கரித்தூள்தான்."

அகப்பையால் கலக்கியது எனக்கு ஞாபகம் வந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எனக்காக வாதாடிய பெண் முன்னால், முதல் முதலாகக் கிடைத்த நிலத்தில், சொன்னதைக்கூடச் செய்யத் தெரியாதவள் என்று எப்படி நிற்பது?

பக்கத்து வீட்டுக்காரி திரும்பும்போது சொன்னாள்: "யக்கா, உன் சோளத்தைப் பாத்துட்டுத்தான் நான் சூப்பர் வாங்கறதா, பொட்டலமான்னு முடிவு பண்ணப் போறேன். உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு போன் பூத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து என் வீட்டுக்காரர் பேசுவார். கண்ணாடிக் கதவை எவ்வளவு சாத்தினாலும் வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கு எல்லாம் கேட்கும். அந்தப் பெஞ்சில் என்னைப் போல ஏழெட்டுப் பெண்கள் முறை வைத்து உட்கார்ந்திருப்போம். குவைத், மலேசியா, சிங்கப்பூர். யார் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று தெரியாதது போலவே எல்லாரும் முகத்தை வைத்துக்கொள்வோம். இன்றைக்குப் போன் சட்டைப்பையில் வந்துவிட்டது. இருந்தும் அந்தப் பெஞ்சில் காத்திருந்த அரைமணி நேரத்துக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது.

நான் குரலைத் தாழ்த்திக் கஞ்சி விஷயத்தைச் சொன்னேன்.

"என்னாது? பூச்சிக்கு சுடுகஞ்சி ஊத்திக் கொன்னுட்டியா?" என்று சத்தமாகச் சிரித்தார்.

"மெதுவாப் பேசுங்க. வெளில எல்லாரும் இருக்காங்க."

"நான் அப்பவே சொன்னேன், சூப்பரைப் போடு, பொட்டலத்தை நம்பாதேன்னு. சரி விடு. யார்கிட்டயும் மூச்சு விடாதே. புதுசா நிலம் வாங்கினவங்களைப் பாத்து ஊர் சிரிக்கணுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் மூச்சு விடவில்லை.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. கிழக்குப் பாதி கிடுகிடுவென்று எழும்பிவிட்டது. ஊதா மறைந்தது. பூ எடுக்கும்போது எது எந்தப் பாதி என்று வரப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆவணிக் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவித் துணியோடு ரோட்டில் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். எங்கள் வயலைக் கண்டதும் நின்றுவிடுவார்கள். "தாயி, ஒரு பச்சைக் கதிர் குடும்மா" என்பார்கள். நெல் வயல் இருந்த காலத்தில் யாரும் அப்படி நின்று கேட்டதில்லை. நான் ஒடித்துக் கொடுப்பேன், இரண்டு பாதியிலும் மாற்றி மாற்றி. மத்தியானக் காற்றில் தோகைகள் உரசும் சத்தம் நெல்லின் சத்தம் போல இருக்காது. புதுப்புடவை கட்டி நடப்பது போலச் சரசரக்கும். ஆளுயரப் பயிருக்குள் நின்றுகொண்டு, செத்துப்போன பொட்டலம் எப்படி இதைச் செய்தது என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். ஒன்றும் புரியாது.

வயல்விழா வைத்தார்கள். ஷாமியானா, டீ, பக்கோடா. நாற்பது பேர் வந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவரும் வந்தார். இரண்டு சாக்கை விரித்து, மேற்கில் பத்து கதிர், கிழக்கில் பத்து கதிர் உரித்து வைத்தார்கள். மேடம் மணி வரிசையை எண்ணிக் காட்டினார். வித்தியாசம் இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. பெரிய அதிகாரி தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்கு மூன்று வரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். பொட்டலம் போட்டேன், செலவு குறைந்தது, நன்றி. மனப்பாடம் செய்திருந்தேன். மைக்கை என்னிடம் நீட்டுவதற்குள் முன் வரிசையில் இருந்து பக்கத்து வீட்டுக்காரி எழுந்தாள்.

"அப்ப நான் சூப்பர் வாங்கவே வேணாம்லங்க மேடம்? பொட்டலம் மட்டும் போட்டாப் போதும்ல?"

மேடம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று இன்றும் தெரியாது.

"வேணாம்னு சொல்லாதீங்க மேடம். நான் கஞ்சியைச் சுடச்சுட ஊத்திட்டேன்."

மைக் என் பக்கத்தில் இருந்ததால் ரோடு வரைக்கும் கேட்டது.

மேடம் என்னைப் பார்த்தார். "எவ்வளவு சூடுக்கா?"

"கை வைக்க முடியாது மேடம். அகப்பையாலதான் கலக்கினேன்."

கூட்டம் சிரித்தது. துண்டைத் தலையில் கட்டியிருந்த பெரியவர் ஒருவர், "அப்ப வெந்துபோன பூச்சிதான் இம்புட்டுக் கதிர் குடுத்துச்சா? உசிரோட இருந்தா கூரை மேல ஏறியிருக்குமே!" என்றார். மறுபடியும் சிரிப்பு. பெரிய அதிகாரி சிரிக்கவில்லை. மேடத்தின் காது சிவந்துவிட்டது. சாக்கில் இருந்து கிழக்குக் கதிர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

பிறகு கேட்டார்: "இதுக்கு முன்னாடி இந்த வயலுக்கு என்ன போட்டாங்க?"

"டிஏபிங்க. போகத்துக்குப் போகம், மூட்டை மூட்டையா. நானே கூடையில சுமந்து குடுத்திருக்கேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பள்ளிக்கூடம் நின்ற வருஷம். இதே மூன்று மாவில், முழங்கால் சேற்றில், இடுப்பில் கூடையோடு அப்பா பின்னால் போவேன். அவர் அள்ளி அள்ளி வீசுவார். ஈரக் கையில் குருணை ஒட்டிக்கொண்டு நகக்கண் எரியும். எரிகிறது என்றால் வாய்க்காலில் கழுவிவிட்டு வா என்பார்.

மேடம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "டிஏபில போட்ட மணிச்சத்து அத்தனையையும் நெல்லு எடுத்துக்கிடறது இல்லை. மிச்சம் களிமண்ணுல கட்டுண்டு கிடக்கும். இந்த வயல்ல அது நிறைய இருந்திருக்கணும். வேர் இறங்கினதும் சோளம் அதைத்தான் எடுத்திருக்கு. மேற்குப் பாதிக்கும் சூப்பர் தேவைப்பட்டிருக்காது. அதனால, இந்த வயலை வச்சு எது உசத்தின்னு சொல்ல முடியாது." அப்புறம் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து, "உங்களது படுகை மணல். பழைய இருப்பு எதுவும் இருக்காது. மண்ணை டெஸ்ட் பண்ணிப் பாக்காம எதையும் நிறுத்தாதீங்க" என்றார்.

பெரிய அதிகாரி வண்டியில் ஏறிவிட்டார். மேடம் டீகூடக் குடிக்காமல் கிளம்பினார்.

பக்கத்து வீட்டுக்காரி கிட்டே வந்தாள். "ஏன்க்கா, ரெண்டு மாசமா வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"பயமா இருந்துச்சுடி."

"பயமாம் பயம். அடகு வச்ச நகை மீளாமலே போயிருக்கும்." முறைத்துக்கொண்டே என் தட்டில் இருந்த பக்கோடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேடம் வந்து, படுகை வயலில் நாலைந்து இடத்தில் மண் வெட்டி எடுத்து, ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.