அவள் எண்ணிய வேகம்

சட்டைக்கு இஸ்திரி போடும்போதுகூட அவளுடைய குதிகால் சும்மா இருப்பதில்லை. காலருக்கு ஒரு தாளம், கைக்கு ஒரு தாளம். முதுகுப் பக்கம் வரும்போது தோளும் சேர்ந்துகொள்ளும். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்து வந்து அலுத்துப்போய், இப்போதெல்லாம் சத்தம் கேட்காவிட்டால் உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிறார்.

ஜாஸ் குழுவொன்றில் டிரம்ஸ் வாசிக்கிறாள். குழு அண்ணனுடையது. சாக்ஸபோன் ஊதுகிறவனும் அவன்தான், 'ஒன்னு, ரெண்டு' என்று வேகம் காட்டி எண்ணித் தொடங்கிவைக்கிறவனும் அவன்தான். அவன் தலையாட்டினால் தொடங்குவாள், கையைத் தூக்கினால் நிறுத்துவாள். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் அது மாறவில்லை. அண்ணனின் ஆல்பங்களில் அவள் பெயர் கடைசியில், பொடி எழுத்தில் வரும். "நம்ம பேரைப் படிக்கணும்னா கண்ணாடி போட்டுக்கணும்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பக்கூடாது. வாயைத் திறக்காமல் சொந்தமாகப் பாட்டுகள் எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தவள், போன மாதம் தன் பெயரில் முதல் ஆல்பம் போட ஸ்டுடியோ பிடித்துவிட்டாள். ஊதுவதற்கு அண்ணனையே கூப்பிட்டாள். அவனைவிட நன்றாக ஊத யார் இருக்கிறார்கள்?

அங்கேதான் வேடிக்கை. அவளுடைய ஆல்பம், அவள்தான் எண்ணவேண்டும் என்று எல்லாரும் அவளைப் பார்க்க, அவளோ பழக்க தோஷத்தில் அண்ணனின் தலையாட்டலுக்குக் காத்திருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளர், இயந்திரம்தான் மக்கர் செய்கிறது என்று பதறிப்போனார். பொறுக்கமாட்டாமல் அண்ணனே எண்ணிவிட்டான். அவன் வேகத்தில் பாட்டு பறந்தது. முடிந்ததும் பியானோக்காரர் கைதட்டினார்; அடுத்த பாட்டுக்குப் போகலாம் என்றார் ஒலிப்பதிவாளர்.

அவள் குச்சிகளை மடியில் வைத்தாள். "நல்லா இருக்கு. ஆனா இது அண்ணனோட பாட்டு, என்னோடது இல்ல. திரும்ப எடுக்கலாம்."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "இதைவிட என்னம்மா வேணும்?"

"மெதுவா வேணும். குழந்தைய தோள்ல போட்டு நடந்தப்ப வந்த பாட்டுண்ணா இது. ஓடினா முழிச்சுக்கும்."

சொல்லிவிட்டு அண்ணன் கையிலிருந்த சாக்ஸபோனையே பார்த்தாள். அவன் கோபித்துக்கொண்டு கிளம்பினால் ஆல்பமே நின்றுபோகும். விட்டுக்கொடுத்தாலோ, அட்டையில் மட்டும்தான் அவள் பெயர்.

அவன் கிளம்பவில்லை. மறுபடி எல்லாரும் தயாரானபோது அவன் கை மட்டும் தன்னால் எண்ணுவதற்கு எழுந்தது. அவள் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, அந்தக் கையைப் பிடித்து, மெல்ல இறக்கி, சாக்ஸபோன் மேல் வைத்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்து, கண்ணை மூடி, "ஒன்னு" என்றாள். "ரெண்டு" வரும்வரை அண்ணன் காத்திருந்தான்.