ஒக்சானா ஸயாமா ஆடிய மதியம்

போன வாரம் யாங்கூனின் லத்தா பகுதியில் ஒரு சீன மருந்துக் கடையைக் கடக்கும்போது பைன் பிசின் வாசனை வந்தது. ஒக்சானா ஸயாமாவின் வகுப்பு வாசனை அது. ஆசிரியையை இங்கே ஸயாமா என்போம். பாலே பழகும் பிள்ளைகள் கால் வழுக்காமலிருக்கப் பிசின் தூளில் காலணியைத் தேய்த்துவிட்டுத்தான் ஆட வருவார்கள்.

ஸயாமா உக்ரைன்காரர், ஒடெசாவில் பிறந்தவர். இருபத்தாறு வயதில் மேடையிலேயே முழங்கால் பிசகியது; அத்தோடு ஆட்டம் முடிந்து ஆசிரியை ஆனார். யாங்கூனுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், "விமானத்தில்" என்பார். ஊருக்குள் போட்டாதாங் பகுதியில் ஒரு பருப்புக் கிடங்கின் மாடியை வாடகைக்குப் பிடித்தார். மாதாகோயிலில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த என்னை வகுப்புக்கு வாசிக்கக் கூப்பிட்டார். முதல் நாளே, "யார் செத்துப்போனது? வேகமாக வாசி" என்றார். இழுத்து வாசிக்கும் அந்தக் குறை என்னிடம் இன்னும் இருக்கிறது.

கிடங்கு மஸ்தான் பாயுடையது. ஒருநாள் மூச்சு வாங்க மேலேறி வந்தார்.

"என்னம்மா இது, ஆனையா குதிக்குது? தூசியெல்லாம் பருப்புல உளுவுது!"

ஸயாமாவுக்குப் பர்மியில் மொழிபெயர்த்துச் சொன்னேன். யானையை மட்டும் விட்டுவிட்டேன். ஸயாமா கோபப்படவில்லை. "அவர் சொல்வது சரி. குதித்து இறங்கும் சத்தம் கேட்கவே கூடாது" என்று சொல்லி, பிள்ளைகளை ஒரு மாதம் குதிக்க வைத்தார்.

பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது; ஊர் நிலவரம் மாறியது. பிள்ளைகள் குடும்பத்தோடு பாங்காக், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். மிஞ்சிய ஒருத்திக்கும் முழு வகுப்பு நடந்தது. அடுத்த வருஷம் உக்ரைனில் போர். ஒடெசாவில் தனியாக இருந்த ஸயாமாவின் அம்மா வீட்டை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டார். மகளே கிளம்பினார்.

கடைசி வகுப்புக்கு அந்த ஒருத்தியும் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, "வாசி" என்றார் ஸயாமா. கீபோர்டு சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. தப்பில்லாமல் வாசிக்க வேண்டுமே என்ற கவலையில் நான் திரும்பவேயில்லை. முடித்துவிட்டுப் பார்த்தால், அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் மஸ்தான் பாய் நின்றிருந்தார்.

"பாட்டு மட்டும் கேக்குது, கால் சத்தத்தக் காணோமேன்னு வந்தேன்."

"ஆடினாங்களா பாய்?"

"ஆடினாங்கம்மா."

 சொல்லிவிட்டுப் பாய் கீழே போய்த் தன்னுடைய நாற்காலியைத் தூக்கிவந்து ஸயாமாவுக்குப் போட்டார்.

ஸயாமா இப்போது ஒடெசாவில் ஒரு நிலவறையில் பாடம் நடத்துகிறாராம். கிடங்கை இடித்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் எப்படி ஆடினார் என்று பாயிடம் ஒருநாள் விவரமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். போன மழைக்காலத்தில் பாய் மவுத்தாகிவிட்டார்.