என் மனைவி வைத்த பெயர்கள்

என் கையெழுத்து கோட்டின் மேல் நிற்காது. ஏறும், இறங்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். சின்ன ‘ர’ எங்கே வரும், பெரிய ‘ற’ எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். இதை அச்சுக்குக் கோப்பவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே திருத்துவார்கள் என்று தெரியும். அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லத் தெரிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

துறைமுகத்தில் வேலை பார்த்தேன். கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் ஆடாமல் இருக்கக் கம்பி போட்டு இறுக்குகிற வேலை. கூச்சக்காரனுக்கு ஏற்ற வேலை அது. அந்தக் காற்றிலும் இரைச்சலிலும் யாரும் யாரோடும் பேச முடியாது. முழங்கால் போனபிறகு கொருக்குப்பேட்டையில் வீட்டோடு இருந்துவிட்டேன். சமையல் என் பொறுப்பு. குடும்பம் ஓடுவது என் மனைவி மீன் சுமக்கும் அன்னக்கூடையில். விடிவதற்குள் காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோ பிடித்து, திருவொற்றியூரில் ஒரு தெருவில் விற்பாள். அந்த ஒரு தெருதான். வேறு தெருவுக்குப் போனால் அங்கே விற்கும் பெண்கள் விடமாட்டார்கள். அவர்களும் இங்கே வரமாட்டார்கள்.

வாடிக்கைக்காரர்கள் காலையில் போன் செய்து என்ன வேண்டும் என்று சொல்வார்கள். ஏலக் கூச்சலில் அவளுக்கு ஒன்றும் காதில் விழாது. சங்கரா கேட்டவருக்கு நெத்திலி போகும். அதனால் போனை என்னிடம் விட்டுப் போனாள். மணி அடித்தால் எனக்கு வியர்க்கும். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

“எடுத்து ‘சொல்லுமா’ன்னு சொல்றதுக்கு இன்னாயா கூச்சம்? பொண்ணு பாக்கவா வந்துகீறாங்க?” என்பாள்.

வெப்சைட் யோசனை அப்படி வந்ததுதான். இந்த வருஷ மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன, வியாபாரம் மந்தம். ஒரு பழைய லேப்டாப் வாங்கி, தமிழில் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களைப் பார்த்து, இன்றைக்கு என்ன மீன், என்ன விலை என்று காட்டும் ஒரு பக்கத்தைச் செய்தேன். ஆனால் அது சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரிதான். நாம் சொல்வது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதை வைத்துக்கொள்ள இடம் இல்லை. அதற்கு டேட்டாபேஸ் வேண்டும் என்றார் வீடியோவில் பேசியவர்.

பயந்துகொண்டேதான் ஆரம்பித்தேன். ஆனால் அந்தக் கட்டளைகளை எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலமே அந்த எழுத்துதான், கன்டெய்னர் கதவில் பார்த்துப் பழகியது. ஒவ்வொரு வரிக்கும் வேறு எதற்கும் இல்லாத ஒரு எண் வேண்டும் என்று அவர் சொன்னதும் உடனே பிடிபட்டது. உலகத்தில் எத்தனை கன்டெய்னர் இருந்தாலும் ஒரே எண் இரண்டுக்கு இருக்காது. இத்தனை வருஷம் அதன் நடுவில்தானே நின்றேன்.

எண் போட்டாயிற்று. அடுத்த கட்டம் பெயர். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன்.

“வாங்கறவங்க பேரெல்லாம் சொல்லு.”

“மஞ்சா கேட்டு.”

“அது வூடுமே. அவங்க பேரு இன்னா?”

“அவங்க பேரே அதாய்யா. எய்திக்கோ. அடுத்தது தலை வேணாம். அப்பால நாலு துண்டு. அதுக்கு எதுத்தாப்ல மேல கீறது நம்பாத மாடி.”

தெரு முழுக்க இப்படித்தான். ஒருவருடைய சொந்தப் பெயரும் அவளுக்குத் தெரியாது. மீன்தலை பிடிக்காதவர் தலை வேணாம். ஓய்வுபெற்ற ஒருவர் வஞ்சிரம் நாலு துண்டு வாங்கிப் பழகியவர். அவர் நாலு துண்டு. மாடி வீட்டு அம்மா கயிற்றில் வாளியை இறக்கி மீனை ஏற்றிக்கொண்டு, ஜன்னலோரம் சின்னத் தராசு ஒன்றில் மறுபடி எடை போடுவார். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் என் மனைவிக்கு அவர் நம்பாத மாடி. ஆனால் அந்த வாளி இறங்கினால்தான் அக்கம்பக்கத்துக் கதவுகள் திறக்கும். அவர் வாங்கும் மீன் நல்ல மீன் என்று தெருவுக்கு ஒரு எண்ணம்.

சொன்னதை எல்லாம் பெயர் கட்டத்தில் ஏற்றினேன்.

இரண்டு பக்கம் செய்தேன். ஒன்று என் மனைவிக்கு: யார், என்ன மீன், எவ்வளவு. இன்னொன்று வாடிக்கைக்காரர்களுக்கு: கதவு எண்ணும் மீனும் மட்டும். பக்கத்து வீட்டில் என்ன வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் நம்மவர்கள் வாங்குவார்கள், அதற்காக. முதல் பக்கம் சரியாக வந்தது. அதை அப்படியே நகல் எடுத்து இரண்டாவது பக்கத்தில் ஒட்டினேன். அந்தக் கட்டளையின் நடுவில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. ‘எல்லாக் கட்டத்தையும் கொடு’ என்று அதற்கு அர்த்தம். வீடியோவில் அப்படித்தான் இருந்தது, நானும் அப்படியே போட்டிருந்தேன். இரண்டாவது பக்கத்தில் அதை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மனைவியின் போனிலிருந்து தெருவுக்கே அந்தப் பக்கத்தை அனுப்பினேன். பெருமையாக இருந்தது. அன்றைக்கு நெத்திலியில் கொஞ்சம் அதிகமாகவே காரம் போட்டுவிட்டேன், அவள் மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனை அவளே எடுத்துப் போயிருந்தாள். தெருவில் நின்றபடி பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்தாள். அவர்கள் கொண்டுவந்து கொடுத்த போனைக் காதில் வைத்தேன்.

“யோவ், இன்னாத்தயா எய்தி வச்ச? நான் உன் காதுல சொன்னத ஊருக்கே தண்டோரா போட்டுகீற!”

பின்னால் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கத்துவது கேட்டது: “நான் மஞ்சா கேட்டா? பச்சை பெயின்ட் அடிச்சு எத்தினி வருஷம் ஆவுது, மாத்தச் சொல்லுடி உம் புருஷன!”

சிரித்தவர் அவர் ஒருவர்தான். நம்பாத மாடியின் வாளி இறங்கவில்லை. ஜன்னலும் மூடியிருந்தது. அதைப் பார்த்து அக்கம்பக்கத்துக் கதவுகளும் திறக்கவில்லை. பாதிக் கூடை மீனோடு திரும்பி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மீன் திரும்பி வருவது என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: “இந்தத் தெருவ உட்டா எனக்கு வேற தெரு கெடையாது. பேரு வச்சது நானு. காட்னது நீ. நாளைக்கு நீயும் வா.”

நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, வேண்டிய கட்டங்களின் பெயரை மட்டும் எழுத எனக்கு அன்றைய பொழுது போயிற்று. எழுதும்போது ஒன்று தோன்றியது. கன்டெய்னர் கதவில் எண்ணைத்தான் எழுதுவார்கள். உள்ளே என்ன சரக்கு என்று எழுத மாட்டார்கள். இது தெரிந்த நானே, ஒருத்தியின் மனசுக்குள் இருந்ததைக் கதவில் எழுதிவிட்டேன்.

மறுநாள் போனோம். நாலு துண்டு என்கிறவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எண்ணூரில் ஏதோ தொழிற்சாலையில் இருந்தவர். அவர் இப்போது வாங்குவது ஒரே ஒரு துண்டு. மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் வேறு ஊரில். என் மனைவி மட்டும் பழைய கணக்கிலேயே அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சுக்கோ சார், மாத்திட்டேன்” என்றேன்.

“எதுக்குப்பா மாத்துன? உங்க கம்ப்யூட்டர்லயாவது நாலு பேரு இருக்கட்டும்” என்றார். கேலியாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

மாடி வீட்டுப் படி எனக்குப் பெரிய படி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மனைவி கூடையை மஞ்சா கேட்டிடம் விட்டுவிட்டுப் பின்னால் வந்தாள். கதவைத் திறந்த அம்மாவிடம், வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்ததை விட்டுவிட்டு வேறு ஏதோ உளறினேன்.

“ஒரு நட்சத்திரம்தான்மா... அத எடுக்காம உட்டுட்டேன்...”

“நட்சத்திரமா? ஜோசியம் சொல்லவா மாடி ஏறி வந்தீங்க?” என்றவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். “உன் எடையில என்னைக்காவது குத்தம் சொல்லிருக்கேனா நானு?”

“சொன்னதில்லமா. ஆனா வாளி மேல வந்ததும் திரும்ப எட போட்டுகினே கீறீங்க. கீழ நிக்கறவளுக்கு இன்னா தோணும்?”

அந்த அம்மா கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எங்க வீட்டுக்காரருக்கு வாரத்துல ரெண்டு வாட்டி டயாலிசிஸ். மீன் இத்தனை கிராமுக்கு மேல போவக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்கார். ஒவ்வொரு துண்டா அதுக்குத்தான் எடை போடறேன். தெருவுல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா துக்கம் விசாரிக்கற மாதிரி வந்து நிப்பாங்க, அவருக்கு அது புடிக்காது.”

என் மனைவி சட்டென்று படியில் உட்கார்ந்துவிட்டாள். யாரையும் எதிர்த்துப் பேசுகிறவள். அன்றைக்கு மெதுவாகக் கேட்டாள்: “உங்க பேரு இன்னாமா?”

அவர் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். “நான் மட்டும் என்ன ஒழுங்கு? பாரு.” அதில் என் மனைவியின் நம்பர் ‘மீன்காரி’ என்று இருந்தது. “உன் பேரு என்ன? சொல்லு, போடறேன்.”

ஆனால் அன்றைக்கும் வாளி இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. பேசி முடித்தாலே சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. அந்த வாரம் அவள் மீனைக் குறைத்துத்தான் எடுத்தாள். நான் போனை எடுக்கப் பழகினேன். வேறு என்ன செய்ய முடியும்? “சொல்லுமா” என்று நான் சொன்ன குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு நானும் தெருவுக்குப் போயிருந்தேன். கூடையை இறக்கியதும் மேலே ஜன்னல் திறந்தது. வாளி ஆடி ஆடி இறங்கி வந்தது. அதில் பாத்திரம் இல்லை. அந்தச் சின்னத் தராசு இருந்தது. என் மனைவி அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மேலே எத்தனை கிராம் என்று கத்திக் கேட்கவில்லை. மஞ்சா கேட்டுக்குக்கூடக் கேட்காதபடி போனில் கேட்டாள். பிறகு மீனை வெட்டி, ஒவ்வொரு துண்டாக அதில் வைத்துப் பார்த்து, கூடியதைச் சீவி, தராசையும் மீனையும் சேர்த்து வாளியில் வைத்துக் கயிற்றை ஆட்டினாள். வாளி ஏறியது. மேலே யாரும் மறுபடி எடை போடவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கதவுகள் திறந்தன.

எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வீடுகள் இன்னும் வரவில்லை. அவர்களுக்கு அவள் வைத்திருந்த பெயர்கள் நியாயமில்லாத பெயர்கள்.

டேட்டாபேஸில் இப்போது சொந்தப் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு வீடாக அவளே கேட்டு வந்து சொல்ல, நான் ஏற்றினேன். அந்தப் பெயர்களை இங்கே எழுதவில்லை. ஒருமுறை ஊருக்குக் காட்டியது போதும். பழைய பெயர்களை அவளுடைய பக்கத்தில் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அது இல்லாமல் அவளுக்கு வீடு அடையாளம் தெரியாது. மாடி வீட்டுக்கு நேராக மட்டும் அந்தக் கட்டம் காலி. வேறு ஏதாவது போடட்டுமா என்று கேட்டேன். “காலியாவே கெடக்கட்டும், காலியா இருந்தாலே தெரியும்” என்றாள்.

புரட்டாசி பிறந்ததும் தெருவில் பாதிப் பேர் மீனை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குச் சனிக்கிழமை, மீதிப் பேரும் தொடுவதில்லை; காலை பக்கத்தைத் திறந்தால் ஒரே ஒரு வரிதான் இருந்தது. நாலு துண்டு: வஞ்சிரம், ஒரு துண்டு. அந்த ஒரு துண்டுக்காகக் காசிமேடு போய்க் கொடுத்துவிட்டு வந்து, அவள் தூங்குகிறாள். எனக்கும் இதை எழுத நேரம் கிடைத்தது.

புரட்டாசி முதல் சனிக்கிழமை, மத்தியானம்.