ஷையென் கூடாரத்துக்குப் பக்கத்தில் என் கதிரை

ஜெர்மனிக்கு வந்து வுப்பர்டால் நகரில் பாத்திரம் கழுவத் தொடங்கி, கிளீனிங் கொம்பனி ஒன்றுக்கே முதலாளியானவன் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. கொலோனில் எந்தக் கலியாண வீட்டிலும் இந்தக் கதையை எடுத்தால் நாலு பேர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வருவார்கள். என் மனைவி மட்டும் கொட்டாவி விடுவாள்.

அப்படிப்பட்டவள், எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்து ஜெர்மன்காரர் வாய் திறந்தால் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடுவதையே மறந்துவிடுகிறாள். அவர் ஓய்வு பெற்ற ரயில் சாரதி. அமெரிக்கப் பழங்குடிகளான ஷையென் மக்கள்மேல் சிறுவயதிலிருந்தே அவருக்குப் பைத்தியம். தோட்டத்தில் கூம்புக் கூடாரம் கட்டியிருக்கிறார். அந்த மக்களில் ஒரு ஆசிரியையிடம் கணினி வழியாக அவர்கள் மொழியும் படிக்கிறார்.

"இந்த வயதிலை உந்தப் பாஷையைப் படிச்சு ஆரோடை கதைக்கப்போறார்?" என்றேன்.

"உங்களுக்கு எரிச்சல்," என்றாள்.

எரிச்சல்தான். ஒரு சனிக்கிழமை, கூப்பிடாமலே கதிரையோடு போய், கூடாரத்தடியில் கதைத்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.

ஷையென் என்பது பிறர் வைத்த பெயராம். தங்களுக்குள் த்சித்சிஸ்தாஸ் என்பார்களாம். ஒரு பகுதியினர் வடக்கே மொன்டானாவில், மறு பகுதியினர் தெற்கே ஒக்லஹோமாவில். அவ்வளவு தூரம் பிரிந்திருந்தும் பெயர் ஒன்று, மொழி ஒன்று.

"நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வெறுங்கையோடு..." என்று தொடங்கினேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, என் மனைவியிடம் அவளுடைய ஆட்கள் எங்கே என்று கேட்டார்.

அவள் ஜெர்மனில் சொன்னாள்: தங்கச்சி கனடாவில். ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில், நான் வேலைக்குப் போனபிறகு குசினி அடுப்படியில் நின்று தமிழில் சத்தமாகக் கதைப்பாளாம். தன் பங்கையும் கதைத்து, தங்கச்சியின் பதிலையும் தானே சொல்வாளாம்.

எனக்குத் தெரியாத கதை. அதை அந்த மனிதருக்குச் சொல்கிறாள்!

"உதை எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே?"

"நீங்கள் எங்கை சொல்ல விட்டனீங்கள்? எப்பவும் உங்கடை கதைதானே."

ஜெர்மன்காரர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். ஷையென் படித்தவருக்கு எங்கள் தமிழ் விளங்கவில்லை. அது எனக்குப் பெரிய சந்தோசம்.

"அப்ப இப்ப சொல்லும். தமிழிலை சொல்லும்," என்றேன்.

அவர் ஊற்றித் தந்த கோப்பி ஆறும்வரை சொன்னாள். நான் வாயே திறக்கவில்லை. கொம்பனி நடத்துவதைவிடக் கஷ்டமான வேலை அது. அதையும் செய்து முடித்தேன்.