அடைமழையும் பிடி அரிசியும்

வேலை நடக்கிற நாட்களில் பசை புளிப்பதற்கு நேரம் இருக்காது. காலையில் காய்ச்சியது சாயங்காலத்துக்குள் தீப்பெட்டிகளில் ஒட்டித் தீர்ந்துவிடும். சட்டியில் பசை கிடந்து புளித்து, மேலே ஆடை படிந்து, வீடு முழுக்கப் பழைய மோர் வாசனை சுற்றிக்கொண்டிருந்தால் மழைக்காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். எங்களுக்கு வேலை இல்லை என்றும் அர்த்தம். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையில் இருந்த எங்கள் தெருவில் அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி, கார்த்திகை முழுவதும் அந்த வாசனை அடித்தது. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சிகளுக்கு மருந்து முக்குகிற வேலை பார்த்தார். அம்மா வீட்டில் பெட்டி ஒட்டினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் கூட உட்காருவேன். குச்சியில் ஏறிய மருந்து காயவும் ஒட்டிய பெட்டி காயவும் வெயில் வேண்டும். வானம் மூடிக்கொண்டால் கம்பெனிக் கதவையும் மூடிவிடுவார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படி வெயிலை நம்பி இருந்தவர்கள். மீதிப் பேர் மல்லாங்கிணறு போகிற பக்கத்தில் மானாவாரி நிலங்களில் கம்பும் சோளமும் பருத்தியும் போட்டு, மழையை நம்பி இருந்தவர்கள். இரண்டு கூட்டத்தாரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஓட்டுக்கூரைக் கோவிலில் பாய் விரித்து உட்கார்ந்து, ஒரே ஆண்டவரைக் கும்பிட்டோம்.

அதற்கு முந்திய வருஷங்களில் மழை பொய்த்திருந்தது. கரிசல் நிலம் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. கிணற்றில் வாளி கட்டாந்தரையில் மோதுகிற சத்தம் கேட்டது. சபையார் எல்லோரும் மழைக்காக உபவாசம் இருக்க வேண்டும் என்று கோவிலைக் கவனித்துவந்த உபதேசியார் சொன்னபோது அம்மாவும் உபவாசம் இருந்தாள். மழை வந்தால் நம் அடுப்பு அணையும் என்று தெரியாமல் அவள் அப்படிச் செய்யவில்லை. மாடுகள் சாகிற ஊரில் மழை வேண்டாம் என்று ஒருத்தி தனியாக ஜெபிக்க முடியுமா? வயிறு காய முழங்காலில் நின்று, மற்றவர்களோடு சேர்ந்து கேட்டாள்.

மழை வந்தது. வந்த மழை விடவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஒரே சந்தோஷம். உபதேசியார் கண் கலங்க நன்றி சொல்லி ஜெபித்தார். முடிவில் எல்லோரும் ஆமென் சொன்னபோது அம்மாவும் சொன்னாள். வெளியே வரும்போது, இரண்டு குறுக்கம் நிலத்தில் கம்பு போட்டிருந்த பாக்கியத்தக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, "என்ன எஸ்தரு, ஒங்களுக்கென்ன, மழ பேஞ்சா லீவு. ராசாத்தியாட்டம் கால நீட்டி ஒக்காந்திருக்கலாம்" என்றாள். அவள் வாய் அப்படி. அம்மா சிரித்துவிட்டு, தம்பியை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டு நடந்தாள்.

தம்பி தானியேல் அப்போது கைக்குழந்தை. அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் அவனைச் சுற்றித்தான் நடந்தது. எனக்கும் அப்பாவுக்கும் பசித்தால் பசித்ததுதான். தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்கலாம். அம்மா சாப்பிடாவிட்டால் அவனுக்குப் பால் இல்லை.

முதலில் இரண்டு வேளை ஒரு வேளையானது. பிறகு கஞ்சி, கஞ்சித்தண்ணீரானது. கடைக்காரர் நாங்கள் கடனுக்குப் போய் நின்றால் பராக்குப் பார்க்க ஆரம்பித்தார். கம்பெனி கொடுத்த பசை மாவு மட்டும் ஒரு தகர டப்பாவில் வீட்டில் இருந்தது. அதை யாரும் காய்ச்சிக் குடித்துவிடக் கூடாது என்று மயில்துத்தம் என்கிற விஷத்தைக் கலந்தே கொடுப்பார்கள். மாவில் லேசாக நீலம் ஓடும். பசித்த பிள்ளைகளுக்கு அந்த நீலம் எப்படித் தெரியும் என்று எழுதத் தெரியவில்லை. அம்மா அந்த டப்பாவைப் பரணில் தூக்கி வைத்துவிட்டாள்.

வீட்டில் இருந்த இன்னொரு தானியம் "பிடி அரிசி". எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அப்போது இது வழக்கம். ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் பானையில் போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து, கோவிலுக்கென்று தனியே ஒரு கலயத்தில் போட வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு பெண்கள் கலயங்களைக் கொண்டுபோய்ப் பீடத்துக்குப் பக்கத்தில் விரித்திருக்கும் சாக்கில் கொட்டுவார்கள். அதை ஏலம் விட்டுக் கோவில் செலவுக்கு வைத்துக்கொள்வார்கள். அரிசி என்பது பேச்சுக்குத்தான். நெல்லுச்சோறு எங்களுக்குக் கிறிஸ்துமஸுக்கும் கல்யாண வீட்டுக்கும் உள்ளது. கலயத்தில் விழுந்ததெல்லாம் குத்திய கம்பும் உடைத்த சோளமும்தான். பானையில் போட அரைப்படி இருந்த நாளிலும் அம்மா பிடி எடுத்தாள். பானைக்கே இரண்டு பிடிதான் இருந்த நாளிலும் எடுத்தாள். பிடி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டு வந்தது.

அப்பா கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவர். கோவிலுக்கு வருவதில்லை, வருகிறவர்களைத் தடுப்பதும் இல்லை. வேலையில்லாமல் சுவரில் சாய்ந்து கிடந்த அந்த நாட்களில் அவருக்குக் கலயம் மட்டும்தான் கண்ணில் பட்டது. "ஒங்க ஆண்டவருக்கு மல்லாங்கிணத்துக் காடு தெரியுது, நம்ம அடுப்பு தெரியலையாக்கும்" என்பார். கலயத்தை எடுத்து உலையில் போடு, அவரா வந்து அளந்து பார்க்கப் போகிறார் என்பார். அம்மா ஒழுகுகிற இடங்களில் சட்டியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் தம்பியின் அழுகை நின்றுவிட்டது. அதற்கு முன்னால் விடாமல் அழுதுகொண்டிருந்தவன், வாயை மட்டும் திறந்தான், சத்தம் வரவில்லை. அம்மா அவனை மார்பில் வைத்துப் பார்த்தாள், தோளில் போட்டுப் பார்த்தாள். பிறகு என் மடியில் கிடத்திவிட்டு, கையைக் கழுவி, மாடத்திலிருந்து கலயத்தை எடுத்து, அப்படியே உலையில் கவிழ்த்தாள்.

அப்போது நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். அத்தனை நாளும் எடு எடு என்று சொன்ன அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏ புள்ள, வேணாம். நான் சும்மா வெறுவாய்க்குச் சொன்னேன். சாமி காரியம். பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரப்போவுது" என்றார்.

அம்மா விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "பயப்படாதீக. அவரு அம்புட்டுச் சின்ன மனசுக்காரரு இல்ல" என்றாள்.

கஞ்சியை வடிகட்டித் துணியில் நனைத்துத் தம்பியின் வாயில் பிழிந்தாள். மீதியை அவளே குடித்தாள். எனக்கும் அப்பாவுக்கும் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவனுக்குச் சத்தம் வந்தது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அப்பா வெளியே போய் மழையில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்து வந்தது பிடி அரிசி கொட்டுகிற ஞாயிறு. அம்மா கலயத்தைக் கழுவித் துடைத்துக் கையில் எடுத்தாள். வெறுங்கலயத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஊர் சிரிக்கவா, உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டில் இரேன் என்றார் அப்பா. கொண்டுபோகாவிட்டால் ஆண்டவரிடம் வராமல் இருந்ததாக ஆகிவிடும், ஒன்றும் இல்லாவிட்டாலும் வந்தேன் என்று இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அம்மா புறப்பட்டாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். என்னைப் போலத்தான் அவளும், நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவள்.

பெண்கள் வரிசையாக நின்றார்கள். சாக்குக்குப் பக்கத்தில் உபதேசியாரின் மனைவி. அவரை எல்லோரும் "உபதேசியாரம்மா" என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒவ்வொரு கலயத்தையும் இரு கையாலும் வாங்கி, சாக்கில் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுப்பார். அம்மாவுக்குப் பின்னால் பாக்கியத்தக்கா. கூட்ட நெருக்கத்தில் அவள் கை கலயத்தில் பட்டுவிட்டது.

"என்ன எஸ்தரு, கலயம் தக்கையா வருது? காத்தையா பிடிச்சுப் போட்டு வச்ச?"

அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா திரும்பி, "ஆமாக்கா. காத்துத்தான் இருக்கு" என்றாள்.

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் அம்மாவின் முறை வந்துவிட்டது. உபதேசியாரம்மா கலயத்தை இரு கையாலும் வாங்கினார். வாங்கியதுமே தெரிந்திருக்கும். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. மற்றக் கலயங்களைப் போலவே சாக்கின் மேல் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டி, அம்மா கையில் திருப்பிக் கொடுத்தார். அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பியை வாங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி இருந்தாள். மழைக்காக அன்றைக்கும் நன்றி ஜெபம் நடந்தது. அன்றைக்கும் அவள் ஆமென் சொன்னாள். பக்கத்தில் இருந்த எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்து ஏலம் விடப்போகிற நேரத்தில் பாக்கியத்தக்கா எழுந்து, சாக்கில் கையை விட்டுப் பார்த்துச் சத்தம் போட்டாள். கூரை ஒழுகிச் சாக்கு நனைந்துவிட்டதாம், நாளைக்குள் பூசணம் பூத்துவிடுமாம். "இத எவன் ஏலம் எடுப்பான்? இன்னைக்கே ஆக்கிப்புடணும். இல்லாட்டி கோழிகூடத் தொடாது" என்றாள். உபதேசியாரம்மாவும் கையை விட்டுப் பார்த்து, ஆமாம், நல்ல ஈரம் என்றார். நான் சாக்குக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். நானும் தொட்டுப் பார்த்தேன். தானியம் உலர்ந்துதான் இருந்தது.

கோவில் விசேஷத்தில் சபையாருக்குப் போடுகிற அசனச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பெரிய அண்டாவைக் கோவில் பின்கட்டுத் தாழ்வாரத்தில் ஏற்றினார்கள். விறகெல்லாம் நனைந்து புகைந்துகொண்டே இருந்தது. பாக்கியத்தக்கா நேராக எங்கள் வீட்டு வாசலில் போய் நின்று, தீப்பெட்டி செய்கிற ஊரில் ஓர் அடுப்பைப் பற்றவைக்க ஆம்பளை இல்லையா, சுவரைத் தாங்கிப் பிடித்தது போதும், எழுந்து வாருங்கள் அண்ணே என்று அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா அடுப்படியில் குந்தி, கண்ணில் தண்ணீர் வழிய ஊதிக்கொண்டிருந்தார். புகையால்தான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சோறு நன்றாக இல்லை. பல வீட்டுத் தானியம் ஒரே அண்டாவில் ஒன்றுபோல வேகாது. கம்பு குழைந்து கூழாகிவிட்டது. சோளம் பல்லில் கடிபட்டது. யார் வீட்டிலோ போட்ட சாமை அடியில் பிடித்துவிட்டது. எங்கேயோ ஒன்றிரண்டு நெல்லரிசி வெள்ளையாகத் தெரிந்தது. உப்பு கூடுதல். பெட்டி ஒட்டுகிற வீட்டுக்காரர்களும் கம்பெனியில் வேலை பார்த்தவர்களும் முதலில் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எப்படியோ எங்கள் முன்னால்தான் முதலில் இலை விழுந்தது. உபதேசியாரம்மா மேலாகத் தெளிந்த கஞ்சியை ஒரு கிண்ணத்தில் மொண்டு தம்பிக்கென்று அம்மாவிடம் கொடுத்தார்.

மாதம் ஒரு தடவை கொட்டுகிற பிடி அரிசி, அந்த மழையில் வாரம் ஒரு தடவை ஆனது. ஒவ்வொரு வாரமும் சாக்கு நனைந்தது. சபையில் யாருமே அதைப் பற்றி வேறு விதமாகப் பேசவில்லை. அதனால் எங்கள் பசி தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் நாட்கள் நீளமாகவே இருந்தன. பால் வந்த நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. தம்பி உயிரோடு இருந்தான், இரவெல்லாம் அம்மா அவன் மூக்கின் முன்னால் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மார்கழியில் வெயில் வந்து, கம்பெனிக் கதவு திறந்து, அப்பா வேலைக்குப் போனார். ஒரே வருஷத்தில் அவர் பக்தராகிவிடவில்லை. கலயத்தைப் பற்றி மட்டும் பிறகு ஒன்றும் பேசவில்லை.

கோவில்களில் சாட்சி சொல்கிறவர்கள், கடைசி நிமிஷத்தில் கதவு திறந்தது, நோய் பறந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பொய் என்று நினைக்கவில்லை. ஆனால் எங்களுக்கு அப்படித் தெளிவாக எதுவும் நடக்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் ஒருநாளும் எழுந்து நின்று சாட்சி சொன்னதில்லை. சொன்னால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்றும் தெரியாது.

இப்போது எங்கள் பக்கத்தில் மருந்தைக் காயவைக்கச் சூட்டு அறைகள் வந்துவிட்டன. பெட்டிகள் இயந்திரத்தில் வந்து விழுகின்றன. மழை பெய்தால் யாருக்கும் அடுப்பு அணைவதில்லை. ஓட்டுக்கூரையை இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கோவில் கட்டியிருக்கிறார்கள். பிடி அரிசிக்குப் பதில் பெயர் அச்சடித்த காணிக்கைக் கவர். ஒட்டி மூடிய கவர் என்பதால், கையில் வாங்குகிறவருக்கும் அதில் இருப்பதும் இல்லாததும் தெரியாது. பாக்கியத்தக்கா இல்லை, உபதேசியாரம்மா இல்லை, அப்பா இல்லை. தானியேலுக்குத் தொப்பை விழுந்துவிட்டது. இந்தக் கதையைச் சொன்னால், போதும்க்கா என்பான்.

அம்மா படுக்கையில் விழுந்து என் வீட்டில் இருந்த கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் கேட்டேன், அந்த மழைக்காலத்தில் அவள் என்னதான் ஜெபித்தாள் என்று. கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"மழைய நிறுத்துங்கன்னு எப்படிக் கேக்க? நானும் கூடச் சேந்து கேட்டு வாங்குன மழ. எம்பிள்ளைய மட்டும் பாருங்கன்னு சொல்லவும் வாய் வரல. ஒண்ணும் கேக்கல. முழங்காலப் போட்டு, நீங்க இருக்கீக, நானும் இங்கனதான் இருக்கேன்னு சொல்லிட்டு எந்திரிச்சுருவேன். அம்புட்டுக்குத்தான் தெம்பு இருந்துச்சு."

சொல்லி முடித்ததும், இடுப்பு வலிக்கிறது, சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வை என்றாள்.