அந்த அக்கா உயிரோடு இருக்கிறாளா?

தின்னர் வாசனை மூக்கில் ஏறினாலே எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் ஞாபகம் வரும்...

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதுகிற வேலை என் அக்கா ஸ்டெல்லாவுக்கு. விரலில் ஒட்டின கறுப்புப் பெயின்ட்டைத் தின்னர் போட்டுத் தேய்ப்பாள், வாசனை மட்டும் போகாது. சர்ச்சில் பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, என் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள்.

"பூசைக்குப் போயிட்டு வந்து பேயப் பாக்குறீங்களா? வெளங்கிடும்!" என்று அப்பா கத்துவார். யார் காதில் விழுந்தது?

அது ஒரு பேய் கேமின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் காணாமல் போன அக்காவைத் தேடி, தங்கை ஒரு பாழடைந்த பங்களாவுக்குள் போவாள்.

சும்மா சொல்லக்கூடாது, கதை அருமை. கேம்தான் ஓட்டை... பேய் கதவில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடக்கும். திருட்டு சி.டி. வேறு, சேவ் ஆகாது. வாராவாரம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு ஹால் வரும். தரை முழுக்கக் கண்ணில்லாத பீங்கான் பொம்மைகள். எல்லோரும் அலறுகிற இடம் அது. கம்பெனிக்குப் பின்னால் உடைந்த பொம்மைக் குவியலில் ஏறி விளையாடிய எங்களுக்கு என்ன பயம்? அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"எவடா அவ, கண்ணே எழுதாம அனுப்பிட்டா? எங்க சூப்பர்வைசர் பாத்தாருன்னா கிழிச்சிடுவாரு!"

கம்ப்யூட்டரை அணைக்கும்போது மட்டும் முகம் வாடிவிடும். "டேய், அந்த அக்காக்காரி உசுரோட இருக்காளா இல்லியா? அத மட்டும் எப்புடியாச்சும் பாத்துச் சொல்லுடா. எனக்கு மனசே ஆறல."

கல்யாணமாகி சேத்தியாத்தோப்பு போன பிறகும் போனில் அதே கேள்விதான்.

"பாத்தியாடா?"

"இல்லக்கா... சி.டி.யே கீறல் வுழுந்து போச்சு."

போன வருஷம் மஞ்சள் காமாலை வந்து அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்னும் நம்ப முடியவில்லை.

இப்போது அந்த கேமைப் புதுசாக்கி மறுபடியும் விட்டிருக்கிறார்கள். எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. பேய் எங்கேயும் மாட்டுவதில்லை, சேவும் தானாக ஆகிறது. பக்கத்தில் ஸ்டூல் போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நேற்று முடித்தேன்.

அந்த அக்கா உயிரோடுதான் இருக்கிறாள். கடைசிக் கதவுக்குப் பின்னால், தங்கை வருவாள் என்று உட்கார்ந்திருக்கிறாள்...

கை தானாகப் போனை எடுத்து அக்கா நம்பரைப் போட்டுவிட்டது. அந்த போன் இப்போது அவள் மகளிடம் இருக்கிறது.

"சொல்லுங்க மாமா, என்னா விஷயம்?"



"ஒண்ணும் இல்லடா செல்லம், சும்மாதான்... சாப்ட்டியா?"