வெள்ளிக்கிழமை மீன் வாசம்

உரிமைகள் எல்லாம் இந்நாட்டில் தாமாகவே நமக்கு வாய்த்தன என்று இளையோர் சிலர் எண்ணுகின்றனர். சட்டம் ஏட்டில் இருந்தது உண்மை. அதை வேலைத்தலத்துக்குள் அழைத்துச் செல்லச் சிலர் துணிய வேண்டியிருந்தது. தொண்ணூறுகளில் ரொறன்ரோவில், வேலைத்தலப் பாகுபாட்டு முறைப்பாடுகளை ஆராயும் அரச ஆணைக்குழுவில் விசாரணை அலுவலராக இருந்தவன் நான். அத்துணிவுகளுள் ஒன்றையேனும் எழுதிவைத்தல் என் கடன்.

1. கதிரை

பரமேஸ்வரி நகரின் மல்வேர்ன் பகுதியில் குடியிருந்தவர். ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பொதிசெய்யும் வேலை. அங்கே தமிழ்ப் பெண்கள் லஞ்ச் றூமில் உண்ணக் கூடாது. பொருளேற்றும் கூடத்தில்தான் உண்ண வேண்டும். மாசிக் குளிரிலும் அக்கூடத்தின் கதவு திறந்தே கிடக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவர் உள்ளே போய் மேசையடியில் ஒரு கதிரையில் அமர்ந்தார். எழும்பச் சொன்னார்கள், எழும்பவில்லை. வேலை போயிற்று. கொழும்பில் காத்திருந்த கணவரையும் மகளையும் ஸ்பொன்சர் செய்ய அவருக்கிருந்த பிடிமானம் அவ்வேலை ஒன்றே.

"காசைத் தந்து சமாளிக்கப் பாப்பினம், ஐயா. எனக்கு வேலை வேணும். அந்தக் கதிரையும் வேணும்" என்றார் முதற் சந்திப்பிலேயே.

"கதிரை எதற்குத் தங்கச்சி?"

"பின்னை? நிண்டுகொண்டே சாப்பிடுறது?"

2. மச்சம்

இருதரப்பையும் ஒரே மேசையில் இருத்தி உண்மை அறியும் கூட்டத்தை அலுவலகத்தில் 'பக்ற் பைண்டிங்' என்போம். கொம்பனியின் முகாமையாளரும் வழக்கறிஞரும் வந்தனர். பரமேஸ்வரியை எழும்பச் சொன்ன சுப்பர்வைசரும் வந்தார்.

முகாமையாளர் இன்முகத்தவர். "இதில் நிறமும் இல்லை, இனமும் இல்லை. மீன் வாசந்தான் சிக்கல். வாசமுள்ள உணவு அறைக்குள் கூடாதென்பது எல்லாருக்கும் பொதுவான விதி. அந்த வெள்ளிக்கிழமை அறைக்குள் நுழையவே முடியவில்லை" என்றார்.

வெள்ளிக்கிழமை! என் பேனா நின்றது. அதைத் தமிழில் சொல்லி முடிக்குமுன் பரமேஸ்வரி எழுந்தேவிட்டார்.

"வெள்ளிக்கிழமை மச்சமோ! சிவசிவா! ஐயா, உவருக்குச் சொல்லுங்கோ, வெள்ளிக்கிழமையில எங்கட வீட்டில முட்டைகூட உடையாது. அண்டைக்கு நான் கொண்டுபோனது புட்டும் வாழைப்பழமும்."

"அப்படியானால் மீன்?"

"உந்தச் சுப்பர்வைசற்றதான்! உவர் கத்தோலிக்கர், வெள்ளியில இறைச்சி தின்னமாட்டார். மீனைக் கொண்டந்து மைக்றோவேவில சூடாக்குவார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டெல்லோ புட்டைத் திண்டனான்!"

அதை மொழிபெயர்த்தேன். நடுநிலை பிறழ்ந்து சிரித்துவிடாதிருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுப்பர்வைசரின் முகம் சிவந்தது. "ஆம், வெள்ளியில் நான் மீன்தான் உண்பேன்" என்றார் மெல்ல.

"அன்று மீன் கொண்டுவந்தவரை எங்கே இருந்து உண்ணச் சொன்னீர்கள்?" என்று முகாமையாளரை வினவினேன். அவர் வழக்கறிஞரின் பக்கம் திரும்பினார்.

3. கையொப்பம்

வழக்கறிஞர் ஒரு தொகை தர முன்வந்தார். வேலை மட்டும் இல்லையாம். பரமேஸ்வரி தலையசைத்து மறுத்தார். இணக்கம் ஏற்படாவிடின் கோப்பு விசாரணை மன்றத்துக்குச் செல்லக்கூடும் என்றும், அங்கே ஆணைக்குழுவின் வழக்கறிஞரே வழக்கை நடத்துவார் என்றும் விளக்கினேன். வெள்ளிக்கிழமைக் கதையை மன்றத்தில் மறுபடி சொல்ல முகாமையாளர் விரும்பவில்லை. கொம்பனித் தரப்பினர் வெளியே சென்று கலந்து பேசித் திரும்பினர். வேலை மீண்டது, லஞ்ச் றூம் எல்லாருக்கும் திறந்தது, செற்றில்மென்ற் எனும் இணக்கப் பத்திரம் கையொப்பமாயிற்று. படியிறங்கும்போது நான் துள்ளாத குறை!

அடுத்த வெள்ளியன்று பரமேஸ்வரி தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, கதிரையில இருந்திட்டன்."

"சுப்பர்வைசர்?"

"பக்கத்தில வந்து இருந்தவர், மீனோட."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"யன்னலைத் திறந்துவிட்டனான்."

பின்னர் கணவரும் மகளும் வந்து சேர்ந்தனர்.

விதி எவ்வளவு பொதுவாகத் தோன்றினும், அது யாரை எழுப்புகிறது, யாரை இருக்க விடுகிறது என்று பார்ப்பதே விசாரணையின் முதற்படி எனக் கற்றேன். முதுமையில் நினைவு இடறும். சட்ட நடைமுறையிலோ பிறவற்றிலோ பிழை கண்டோர் அன்புகூர்ந்து திருத்தித் தருக. புட்டிலும் மீனிலும் மட்டும் எனக்கு ஐயமில்லை.